பின்வளவு ஷெட்டும் பக்கத்து வீட்டுக் காதும்



ஈஸ்டர் கழிந்து பகல் நீளத் தொடங்கினால் நமது அலுவலகத்துக்கு ஒரே சாயலில் கடிதங்கள் வரும். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்தாயிற்று. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மிருதங்கத்தோடு உட்கார்ந்துவிடுகிறான். வீடோ செமி டிட்டாச்ட். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முதியவர், அல்லது கைக்குழந்தையோடு ஒரு தாய். பின்வளவில் மர ஷெட் ஒன்று பழைய சைக்கிளும் பெயின்ட் வாளியுமாகக் கிடக்கிறது. அதைச் சத்தம் வெளியே போகாத அறையாக்க முடியுமா? இம்முறை ஒரு வாசகி நேராகவே கேட்டுவிட்டார்: “கறுப்பு ஃபோம் தகடு வாங்கி நாலு சுவரிலும் ஒட்டினோம். காசு போனதுதான் மிச்சம். ஏன்?”

இந்தப் பக்கம் முழுவதும் அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கே.

இங்கிலாந்துக்காரருக்கு ஷெட் என்பது வெறும் சாமான் அறை மட்டும் இல்லை. வீட்டிலிருந்து தப்பி ஓடுகிற இடமும்கூட. பெர்னார்ட் ஷா அயோட் செயின்ட் லாரன்ஸ் கிராமத்தில் தம் வீட்டுத் தோட்டத்தின் கோடியில் ஒரு சிறு மரக் குடில் வைத்திருந்தார். வெயிலைப் பின்தொடர்ந்து திருப்பிக்கொள்ள வசதியாகச் சுழலும் அடித்தளம். அந்தக் குடிலுக்கு ‘லண்டன்’ என்று பெயர். யாராவது தேடி வந்தால், “ஐயா லண்டனில் இருக்கிறார்” என்று வீட்டார் பொய் சொல்லாமலே அனுப்பிவைக்கலாம்! ரோல்ட் டால் கிரேட் மிசென்டனிலும், டிலன் தாமஸ் வேல்ஸின் லார்னிலும் இப்படித்தான் தனிக் குடிலில் உட்கார்ந்து எழுதினார்கள். இவர்கள் எல்லாரும் அமைதி தேடி உள்ளே போனவர்கள். நாமோ சத்தம் போடுவதற்கென்றே உள்ளே போகிறோம். மூன்று எழுத்தாளர்களைத் தாங்கிய அதே மாதிரிச் சிறு குடில் ஒரு தவில் மாணவனைத் தாங்காது.

பணமும் பெயரும் இருந்தும் இந்த வேலையில் தோற்றவர் ஒருவர் உண்டு. வரலாற்றாசிரியர் தாமஸ் கார்லைல் லண்டன் செல்சியாவில், செய்ன் ரோவில் குடியிருந்தார். அயல்வீட்டுச் சேவல்களும் பியானோக்களும் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1853இல் வீட்டின் உச்சியில் இரட்டைச் சுவர் வைத்து, வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி பதித்து, சத்தம் புகாத அறை ஒன்றைக் கட்டுவித்தார். பக்கத்துச் சத்தம் ஓரளவு அடங்கியது. ஆனால் அதுவரை அவர் கவனிக்காத தூரத்து ரயில் விசிலும் தேம்ஸ் ஆற்றின் இரைச்சலும் உள்ளே வந்து சேர்ந்தன. மனிதர் நொந்துபோனார், ஆனாலும் பிரஷ்யாவின் பிரெடெரிக் மன்னரைப் பற்றிய பெரிய நூலை அந்த அறையில் இருந்துதான் எழுதினார். அந்த வீடு இன்று பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கிறது. ஷெட்டில் ஆணி அடிக்கும் முன் ஒருமுறை போய்ப் பார்ப்பதில் நட்டமில்லை. சுவரை எவ்வளவு தடிப்பாக்கினாலும் மேலே திறந்த வழி ஒன்று இருந்தால் சத்தம் அதைக் கண்டுபிடித்துவிடும் என்று அந்த உச்சி அறையில் நின்றாலே விளங்கும்.

சரி, ஃபோம் விஷயத்துக்கு வருவோம். ஓர் அறைக்குள் சத்தம் முட்டி மோதி எதிரொலிப்பது ஒன்று. சுவரைத் தாண்டி வெளியே போவது வேறொன்று. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேசுகிறவர் சொல்வதே விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, எதிரொலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார் அவர். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. ஃபோம் செய்வதும் அதே வேலைதான். உள்ளே வாசிக்கிறவருக்கு ஒலி தெளிவாகும். ஆனால் காற்று நுழையக்கூடிய, எடையே இல்லாத அந்தப் பொருள் வெளியே போகும் சத்தத்தை மறிக்காது. முட்டை அட்டையும் அப்படியே. அது ஃபோம் அளவுக்கு எதிரொலியையும் அடக்காது, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும்.

சத்தத்தை மறிப்பது எடை. ஷெட்டின் பக்கப் பலகை பெரும்பாலும் 12 மி.மீ. பைன் மரம், ஒரு சதுர மீட்டர் 6 கிலோ கூட வராது. ஒரு சுவரின் எடையை இரட்டித்தால் அது மறிக்கும் அளவு ஏறக்குறைய 6 டெசிபல் கூடும் என்பது ஒலியியலின் அடிப்படைக் கணக்கு. 10 டெசிபல் குறைந்தால்தான் நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோலத் தோன்றும். ஆக, ஒற்றைச் சுவரை மேலும் மேலும் தடிப்பாக்கி வெல்வதென்றால் ஷெட் கோட்டையாகிவிடும்.

அதோடு, எடையின் இந்தக் கணக்கு எல்லாச் சுரத்துக்கும் ஒரே மாதிரி உதவாது. சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் அதே சுவர் 6 டெசிபல் குறைவாகவே மறிக்கும். மிருதங்கக்காரருக்கு இது என்ன செய்கிறது என்று பாருங்கள். வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே பூசிய கறுப்புக் கரணைதான் அந்தத் தோலுக்குச் சுருதி சேர்ந்த மேற்சுரங்களைக் கொடுக்கிறது. அதை ஆராய்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில், சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதியவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். அந்த மேற்சுரங்கள், ‘நம்’மும் ‘தின்’னும் ‘சாபு’வும், கொஞ்சம் எடையுள்ள சுவருக்கே அடங்கிவிடும். இடப்பக்கத்தில் ரவை பூசிய தொப்பியின் ‘தொம்’ மட்டும் அடங்காமல் வெளியே போகும். நீங்கள் உள்ளே கேட்பது மோராவும் கோர்வையும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது தாளம் புரியாத இடத்தில் விழும் தொம், தொம், தொம். முழு வாசிப்பும் கேட்டிருந்தால்கூட அவர் ஒருவேளை ரசித்திருப்பார். சங்கீதத்தை வடிகட்டி எடுத்துவிட்டு இடியை மட்டும் அவருக்கு அனுப்புகிறோம். முறைப்பாடு சொல்லும் அயலவருக்கு இசை ஞானம் இல்லை என்று குறைப்படும் பெற்றோரே, அவர் இருப்பறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து உங்கள் பிள்ளையின் வாசிப்பைக் கேளுங்கள். என்ன கட்டவேண்டும், எவ்வளவு கட்டவேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஷெட்டுக்கு உள்ளே நின்று எடுக்கிற எந்த அளவும் இதற்கு ஈடாகாது.

இனி ஓட்டைகள். இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். வாசகர்கள் எழுதும் ஏமாற்றங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஷெட் கதவை எடுத்துக்கொள்வோம்: 1.8 மீட்டர் உயரம், 75 செ.மீ. அகலம். அதைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி இருந்தால், அது கதவின் பரப்பில் ஒரு வீதத்துக்குச் சற்று மேல். நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே அந்தக் கதவு 20 டெசிபலுக்கு மேல் மறிக்க முடியாது. இரும்பில் செய்தாலும் சரி, ஒரு அடித் தடிப்பில் செய்தாலும் சரி, அந்த 20தான். அடியில் ஓட்டை விழுந்த குடத்துக்கு விளிம்பைத் தங்கத்தில் கட்டி என்ன பயன்? உள்ளே டிரம்ஸ் 100 டெசிபலில் முழங்கினால் கதவுக்கு வெளியே 80 நிற்கும். இருட்டிய பிறகு உள்ளே ஒரு பிரகாசமான டார்ச்சை ஏற்றிவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற ஒவ்வொரு கீற்றிலும் சத்தம் கசிகிறது. பலகைக்கும் பலகைக்கும் இடையில், கூரை சுவரில் உட்காரும் இடத்தில், வயர் நுழையும் துளையில், ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில். காய்ந்தபின் கல்லாகி வெடிக்கும் சாதாரண ஃபில்லர் இதற்கு ஆகாது. எப்போதும் சற்று இளக்கமாகவே இருக்கும் அக்கூஸ்டிக் சீலன்ட் வேண்டும். கதவின் நாற்புறமும் ரப்பர் சீல், அடியில் சாத்தும்போது தானே கீழிறங்கும் சீல். மெல்லிய ஷெட் கதவைக் கழற்றிவிட்டு முழு மரத்தாலான தீத்தடுப்புக் கதவு ஒன்று போட்டால் இன்னும் நல்லது. பெரிய செலவுக்கு இறங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். வயலினும் வீணையும் வாய்ப்பாட்டும் பழகும் பிள்ளைகளுக்கு இதுவே போதுமாகிவிடுவது உண்டு.

தவிலுக்கும் டிரம்ஸுக்கும் போதாது. அங்கேதான் அறைக்குள் அறை தேவைப்படுகிறது. ஷெட்டின் வெளிச்சுவரைத் தொடாமல், குறைந்தது இரண்டு மூன்று செ.மீ. தள்ளி, உள்ளே தனியாக ஒரு மரச் சட்டம் நிறுத்துவது. அதற்குத் தன் சொந்தத் தளம், சொந்தக் கூரை. சட்டத்தின் இடைவெளிகளில் ராக்வூல் போன்ற கனிமக் கம்பளி. உட்புறம் 12.5 மி.மீ. அக்கூஸ்டிக் பிளாஸ்டர்போர்ட் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கின் இணைப்புகள்மேல் இரண்டாவதன் இணைப்புகள் வராதபடி மாற்றி அடிக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே கிரீன் குளூ போன்ற, அதிர்வை விழுங்கும் பசையைப் போடுகிறவர்களும் உண்டு. இந்த அமைப்பின் பலம் முழுவதும் இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதில்தான். உறுதிக்காக என்று சொல்லி உட்சட்டத்தையும் வெளிச்சட்டத்தையும் சேர்த்து ஒரு நீள ஸ்க்ரூ முறுக்கிவிட்டால் அதிர்வு அதன் வழியே நேராக வெளியே நடந்துபோய்விடும். வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் இதை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல தச்சருக்கு எதையும் இறுக்கிப் பிணைக்கவே கை போகும்.

இன்னொரு எச்சரிக்கை. வெளிச் சட்டத்தின் உட்பக்கமும் ஒரு பிளாஸ்டர்போர்ட் அடித்துவிட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று தோன்றும். அப்படிச் செய்தால் பலகை, போர்ட், போர்ட் என்று மூன்று தட்டுகளும் இரண்டு சிறு காற்றறைகளும் உண்டாகும். கீழ்ச் சுரங்களில் அது இரண்டு தட்டுச் சுவரைவிட மோசமாக நடந்துகொள்ளும். இரண்டே தட்டு, நடுவில் முடிந்தவரை அகலமான இடைவெளி. சதுர மீட்டருக்கு வெளிப் பலகை 6 கிலோ, உள்ளே 20 கிலோ, நடுவே 10 செ.மீ. காற்று என்று வைத்தால், இந்த இரட்டைச் சுவர் 90 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானே அதிரும். அந்த இடத்தில் அது உதவாது. டிரம்ஸின் காலடி முரசும் தவிலின் தொப்பியும் குடியிருப்பது அந்த வட்டாரத்தில்தான் என்பதால், இடைவெளியைக் கூட்டியோ எடையைக் கூட்டியோ அந்த எண்ணைக் கீழே தள்ளுவதுதான் இந்த வேலையின் சாரம்.

இதற்கு விலை இடமும் பாரமும். 3 மீட்டருக்கு 2.4 மீட்டர் ஷெட், ஒவ்வொரு பக்கமும் 20 செ.மீ. தின்று, 2.6க்கு 2 மீட்டர் ஆகிவிடும். ஒரு பாட்டுக்காரர், ஒரு வயலின், ஒரு மிருதங்கம். கடக்காரர் வந்தால் கதவைத் திறந்துவைத்துத்தான் உட்காரவேண்டும். 2 மீட்டர் உயரத்தில் சுவரும் கூரையும் சேர்ந்து ஏறக்குறைய 24 சதுர மீட்டர். இரண்டு அடுக்கு போர்ட் மட்டுமே 470 கிலோ. மரம், தளம், கதவு தனி. புல்லில் நாலு பேவிங் கல் பரப்பி நிறுத்திய ஷெட் இதைத் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தால் கதவின் சீல் விலகும். விலகினால் பழைய கதைதான். முதலில் கான்கிரீட் அடித்தளம்.

கூரையை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். இந்த நாட்டில் பக்கத்து வீட்டின் படுக்கையறை மேல்மாடியில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தெரிவது உங்கள் சுவரல்ல, கூரை. ஷெட்டிலேயே மெல்லிய பாகமும் அதுதான்: ஒரு சிப்போர்ட், அதன்மேல் ஃபெல்ட். சுவருக்குச் செய்வதையெல்லாம் கூரைக்கும் செய்தால்தான் செய்ததாகும்.

தளம் பொள்ளலானது, கால் வைத்தாலே முழங்கும். உள் அறைத் தளத்துக்கு அடியில் ரப்பர் தாங்கிகள் வைப்பது முறையான வழி. டிரம்ஸ் பழகும் இளைஞர்கள் கையாளும் மலிவான வழி ஒன்று உண்டு. தடித்த பலகை இரண்டில் வட்டத் துளைகள் வெட்டி, நடுவே டெனிஸ் பந்துகளை உட்காரவைத்து, அந்த மேடைமேல் டிரம்ஸை நிறுத்துவது. விம்பிள்டன் முடிந்த வாரத்தில் பந்து மலிவாகக் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.

இனிச் சொல்லப்போவதைப் பெற்றோர் சற்று நிதானித்துப் படியுங்கள். ஓட்டையெல்லாம் அடைத்தபின் அந்த அறையில் இருப்பது 10 கன மீட்டர் காற்று. குருவும் சிஷ்யனும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், உள்ளே கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிட எட்டு ஒன்பது மடங்காகிவிடும். தலை கனக்கும், கொட்டாவி வரும், தாளம் ஓடும். பிள்ளைக்கு ஊக்கம் இல்லை என்று திட்டுவீர்கள். காற்றோட்டம் வேண்டும், ஆனால் சுவரில் நேரே ஒரு துளை போட்டால் செய்ததெல்லாம் வீண். மரத்தால் ஒரு பெட்டி, அதற்குள் காற்று இரண்டு மூன்று முறை வளைந்து போகிற மாதிரித் தடுப்புகள், உட்புறம் எங்கும் ஃபோம். காற்று வளைந்து போய்விடும். சத்தம் ஒவ்வொரு வளைவிலும் ஃபோமில் முட்டித் தேயும். காற்று உள்ளே வர ஒன்று, வெளியேற ஒன்று, மெதுவாகச் சுழலும் ஒரு விசிறி. கேள்வி கேட்ட வாசகி அந்தக் கறுப்புத் தகடுகளைச் சுவரிலிருந்து பக்குவமாகக் கழற்றினால் இரண்டு பெட்டிக்கும் தாராளமாகக் காணும். மீதியை உட்சுவரில் ஆங்காங்கே ஒட்டலாம். வெறும் பிளாஸ்டர்போர்ட் அறை பயங்கரமாக எதிரொலிக்கும் என்பதால் அங்கே அது தன் வேலையைச் செய்யும்.

காற்றோடு ஈரமும் சேர்ந்தே வரும். இரண்டு பேரின் மூச்சு குளிர்ந்த வெளிப்பலகையில் பட்டால் நீராகும். நீர் நின்றால் பூஞ்சணம். கம்பளிக்கு உட்புறம் நீராவியைத் தடுக்கும் ஷீட், வெளிப் பலகைக்குப் பின்னால் மூச்சுவிடும் மெம்பிரேன், பலகைக்கும் அதற்கும் நடுவே சிறு காற்றிடம். இந்த வரிசை மாறக்கூடாது. பலாமரக் கட்டையும் தோலும் வாருமான மிருதங்கத்துக்கு இந்த நாட்டுக் குளிர்காலம் ஏற்கெனவே சோதனை. ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஹீட்டரை முழுவேகத்தில் போட்டால் காய்ந்து ஏறும். இப்படி ஏறி இறங்கியே கரணை வெடிக்கும். வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் கொண்டுபோய், முடிந்ததும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இரவு முழுவதும் ஷெட்டில் விடவேண்டாம். திருட்டுப் பயம் வேறு.

சட்டம் சுருக்கமாக. இங்கிலாந்தில் எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் நிற்கும் ஷெட் 2.5 மீட்டர் உயரத்தைத் தாண்டாமல் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி வேண்டியதில்லை. தளப்பரப்பு 15 சதுர மீட்டருக்குள், யாரும் படுத்துறங்காத இடமென்றால் பெரும்பாலும் கட்டட விதிகளும் தொடராது. ஆனால் வீட்டிலிருந்து புதிதாகக் கரண்ட் இழுப்பது பதிவு பெற்ற எலெக்ட்ரிஷியன் வேலை. ஃபிளாட், வாடகை வீடு, பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 1996ஆம் ஆண்டின் சத்தச் சட்டத்தில் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ‘வீட்டுச் சத்தம்’ என்பதில் தோட்டத்துக் கொட்டிலும் அடக்கம். பகலுக்கென்று சட்டத்தில் டெசிபல் எண் கிடையாது. எவ்வளவு நேரம், எத்தனை நாள், என்ன மாதிரி என்று பார்த்து, தொல்லைதான் என்று கவுன்சில் முடிவுசெய்தால் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி நோட்டீஸ் வரும். “கவுன்சில் அளவுக்குள்தான் இருக்கிறோம்” என்று பகல் சாதகத்துக்கு யாரும் வாதாட முடியாது. அப்படியொரு அளவு இல்லை.

ஆகவே என் சொந்த அபிப்பிராயம் இது. அரங்கேற்றத்துக்கு ஆறு மாதம்தான் இருக்கிறதென்றால் அறைக்குள் அறை கட்டாதீர்கள். ஓட்டைகளை அடையுங்கள், கதவை மாற்றுங்கள், அயலவரோடு நேரம் பேசிக்கொள்ளுங்கள். பள்ளி நாட்களில் ஐந்து மணி முதல் ஆறு வரை, ஞாயிறு இல்லை, அவர்கள் வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால் ஒரு மெசேஜ் போட்டால் அன்று நிறுத்திவிடுவோம். இப்படி முன்கூட்டியே சொல்லப்பட்ட ஒரு மணி நேரம், எப்போது தொடங்கும் எப்போது முடியும் என்று தெரியாத பத்து நிமிடத்தைவிட அவர்களுக்கு எளிது. பிள்ளை தொடர்ந்து வாசிக்கப்போகிறான், வீடும் உங்களுடையது என்றால் மட்டும் கான்கிரீட்டில் தொடங்குங்கள். அதையும் மழைக்கு முன், செப்டெம்பருக்குள் வெளிவேலை முடிகிற மாதிரி.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் நமக்கு எழுதுங்கள்: ஷெட்டின் அளவு, சுவரில் என்னென்ன எந்த வரிசையில் போட்டீர்கள், எந்த வாத்தியம். முக்கியமாக, பக்கத்து வீட்டிலிருந்து கேட்டபோது எப்படி இருந்தது. இயன்றால் அந்த அயலவரையே இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், மொழிபெயர்த்துப் போடுகிறோம். ஆடி இதழுக்குள் கிடைத்தால் படங்களோடு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்